அத்தா பெயரில் மடித்த பொட்டலம்

எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை நான் இன்னொரு மனிதருக்குக் கொடுத்தேன். பெயரை மாற்றிக் கொடுத்தேன். அவர் உயிருக்குப் போராடிக் கிடந்தபோது, டாக்டர் என் முகத்தைப் பார்த்து அது என்ன மருந்து என்று கேட்டபோது, தெரியாது என்றேன்.

இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் படிக்காமல் நீங்கள் எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை. படிப்பதானால் ஒரு வேண்டுகோள்... நடுவில் எனக்காகப் பரிந்து பேசாதீர்கள். அதற்கு வேண்டிய வார்த்தைகள் என்னிடமே ஏராளமாக இருக்கின்றன. வார்த்தைதான் என் பிழைப்பு.

திருவண்ணாமலையில் தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடைதிறப்பு, செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு யோகா வகுப்பு நோட்டீஸ். எல்லாவற்றையும்விட ஜாஸ்தி அடிப்பது கண்ணீர் அஞ்சலி. ‘எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டு’ என்று எழுதி எழுதியே என் தமிழில் புத்தக வாடை ஏறிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அத்தா ஹக்கீம். யுனானி வைத்தியர். திருநீறு பூசியவர்களும் தொப்பி போட்டவர்களும் எங்கள் வீட்டு வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மருந்தைச் சின்னக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அவர் மௌத்தாகி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் இந்த ஊரில் பழைய ஆட்களுக்கு நான் இன்னும் ‘ஹக்கீம் மகன்’தான்.

அந்த ஹக்கீம் மகனுக்கு மனம் செத்துப் போயிற்று!

காரணம் கேட்காதீர்கள். கடன் இல்லை, சண்டை இல்லை, நோய் இல்லை. காலையில் கண் விழித்தால் ஏன் விழித்தோம் என்றிருக்கும். கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், பத்திரிகைக்கு மஞ்சள் போடலாமா ரோஜா நிறம் போடலாமா என்று தீர்மானிக்க முடியாமல் மதியம் வரை உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி அடித்துக்கொண்டிருந்தேன். பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயரை அடித்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்... சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி பின்னால் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை.

அவள் கத்தவில்லை, அழவில்லை. தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். “சாப்புட்டு எழுந்திரிங்க. நாளைக்கு டாக்டருகிட்ட போறோம்” என்றாள். அவ்வளவுதான். என் உயிரை முதலில் காப்பாற்றியது அந்த ஒரு வாக்கியம். அதற்கு நான் இன்றுவரை அவளுக்கு வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

மனநல மருத்துவர் ஒரு அம்மாள். எடுத்ததும் மருந்து எழுதிவிடுவார் என்று நினைத்தேன். எழுதவில்லை. கேள்வியாகக் கேட்டார். நெஞ்சுவலி வந்ததுண்டா? கண்ணில் நீர் அழுத்தம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? சிறுநீர் தாராளமாகப் போகிறதா? வலிப்பு உண்டா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், குடிப்பழக்கம் உண்டா? பிறகு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். மனசுக்கு வைத்தியம் பார்க்க வந்தவனுக்கு மூத்திரத்தைப் பற்றி என்ன விசாரணை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எல்லாம் பார்த்த பிறகுதான் எழுதினார். அமிட்ரிப்டிலின். ட்ரைசைக்ளிக் என்று சொல்லப்படும் பழைய வகை மருந்தாம். கம்மியாக ஆரம்பித்து மெல்ல ஏற்றுவோம், ராத்திரியில் மட்டும் போடுங்கள், தூக்கம் சீக்கிரம் வரும், மனசு தெளிய வாரக்கணக்கில் ஆகும், பாதியில் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்றார். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், பழகும்வரை வண்டி ஓட்டாதீர்கள், எங்கே உட்கார்ந்தாலும் மெதுவாக எழுந்திருங்கள் என்றார். கடைசியாக, கதவு வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டு, “இது உங்களுக்கு மட்டும் பாய். நல்லா இருக்குன்னு வேற யாருக்கும் குடுத்துடாதீங்க” என்றார்.

கேட்டீர்களா? சொல்லாமல் விட்டார் என்று நான் சொல்லவே முடியாது.

அவர் சொன்னதெல்லாம் நடந்தது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்த ஸஜ்தாவிலிருந்து சட்டென்று எழுந்தபோது பள்ளிவாசல் ஒரு சுற்றுச் சுற்றியது. மெதுவாக எழப் பழகினேன். வாய் உலர்ந்தது, தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு காலை... எதிர்க்கடையில் போண்டா போடுகிற வாசனை மூக்கில் ஏறியது. பசித்தது! எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது! போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நடுச்சந்தில் அழுதேன். அந்த மாத்திரைக்கு நான் பட்ட கடனை இந்த ஜென்மத்தில் அடைக்க முடியாது.

ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. மருந்து வாங்கப் போகும் நாளில் வேலூருக்குப் பேப்பர் எடுக்கப் போகிறேன் என்பேன். மனசுக்குள் அந்த மாத்திரையைக் கொண்டாடினேன், வெளியே அதன் பெயரைச் சொல்லக் கூசினேன். என் குற்றத்தின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது ஏழுமலை அண்ணன்.

என் அச்சகத்தை ஒட்டி அவர் கடை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். என்னைவிட மூத்தவர். என் கல்யாணத்துக்குச் சீரியல் செட் போட்டவர், காசு வாங்காதவர். அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உடம்பு தேறிவிட்டது, ஆள் தேறவில்லை. படுத்தால் இதயம் நின்றுவிடும் என்று பயந்து விடியவிடிய உட்கார்ந்திருப்பாராம். பகலில் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு, கழற்றிய மோட்டாரைப் பார்த்தபடி இருப்பார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்... நான் அதே பார்வையால் கம்ப்யூட்டரைப் பார்த்தவன் அல்லவா!

டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் மனநல டாக்டரிடம் போனால் ஊர் என்ன பேசும் என்றார். இங்கிலீஷ் மாத்திரை ஏற்கெனவே கை நிறைய விழுங்குகிறேன், இன்னும் ஒன்றா என்றார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார்.

“ஹக்கீம் அய்யா இருந்திருந்தா ஒரு பொட்டலம் மடிச்சுக் குடுத்திருப்பாரு பாய். நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.”

அந்த நேரத்தில் என் அலமாரியில் மிச்ச மாத்திரை இருந்தது. நான் தேறிவிட்டதால் டாக்டர் அளவைக் குறைத்திருந்தார். பழைய, வீரியம் கூடிய அட்டைகள் அப்படியே கிடந்தன. தூக்கிப் போட மனம் வரவில்லை. உயிர் கொடுத்த வஸ்துவைக் குப்பையிலா போடுவது?

நான் என்ன செய்தேன் தெரியுமா? அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்தேன். பத்திரிகை வெட்டிய மிச்சக் காகிதத்தில், அத்தா மடிப்பது மாதிரியே மடித்தேன். வாணியம்பாடியில் அத்தாவிடம் தொழில் படித்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் செய்கிற குளிகை, ராத்திரிக்கு ஒன்று போடுங்கள் என்று கொடுத்தேன். அப்படி ஒருவர் வாணியம்பாடியிலும் இல்லை, வேறெங்கும் இல்லை.

என்னிடம் அந்த அம்மாள் கேட்ட கேள்விகளில் ஒன்றையாவது நான் அவரிடம் கேட்டேனா? நெஞ்சுவலி உண்டா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தவனே நான்தான்! எல்லாம் தெரியும். தெரிந்தது எதுவும் அன்றைக்கு என் ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்கு நல்லது செய்தது அவருக்கும் செய்யும் என்ற ஒரே எண்ணம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் அடுத்தவர் காலைப் பிடித்து உள்ளே விட்டேன்.

அண்ணன் தூங்கினார். அந்த வாரமே தூங்கினார். அண்ணி ஒரு தூக்கில் கேசரி கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “உங்க அத்தா இன்னும் உசுரோடதான் இருக்காரு தம்பி” என்றார். நான் கேசரியைச் சாப்பிட்டேன். சந்தோஷமாகச் சாப்பிட்டேன்! அடுத்த பொட்டலம், அதற்கடுத்த பொட்டலம் என்று மடித்துக்கொண்டே இருந்தேன். எழுந்தால் லேசாகக் கிறுகிறுக்கிறது என்று அண்ணன் ஒரு நாள் சொன்னார். வெயில் ஜாஸ்தி, மோர் குடியுங்கள் என்றேன்.

பிறகு அந்தப் பௌர்ணமி.

நெஞ்சுவலி வந்ததிலிருந்து அவர் கிரிவலம் போகவில்லை. தூக்கம் வந்ததும் தெம்பும் வந்துவிட்டது. ராத்திரிக் கூட்டத்தில் வேண்டாம், விடிகாலையில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் சுற்றிவிடலாம் என்று அண்ணியும் அவரும் கிளம்பினார்கள். விரதம், வெறும் வயிறு. பாதி வழியில் அந்தப் பழைய பயம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அண்ணனுக்கு ஒரு யோசனை. முந்தின இரவு ஒன்று போட்டிருந்தார். கிளம்பும்போது பி.பி. மாத்திரையோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

இங்கிலீஷ் மாத்திரை என்று தெரிந்திருந்தால் போட்டிருப்பாரா? அவர் அதில் கெட்டிக்காரர். இதய டாக்டர் சொன்ன மாத்திரைகளை நேரம் தவறாமல், ஒன்று கூடாமல் குறையாமல் சாப்பிடுகிறவர். ஹக்கீம் மருந்து என்பதால் போட்டார். கைமருந்து கூடினால் கெடுதல் இல்லை என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தவன் நான்.

அடி அண்ணாமலை தாண்டும்போது களைப்பாக இருக்கிறதென்று உட்கார்ந்தாராம். அண்ணி கூப்பிட்டதும் சட்டென்று எழுந்தாராம். எழுந்தவர் அப்படியே விழுந்தார்.

பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டி ஓட்டிய அந்த மனிதரை எனக்கு யாரென்றே தெரியாது. அவருக்கும் என் சலாம். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்கு நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தன. கண் திறப்பார், மூடுவார். துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது, இது மாரடைப்பு மாதிரி தெரியவில்லை, என்னவென்று பிடிபடவில்லை என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன வயசு டாக்டர். வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டாரா என்று அண்ணியைக் கேட்டார். இல்லை என்று தலையசைத்த அண்ணி, கொஞ்சம் தயங்கி என்னைப் பார்த்தார்.

“ஹக்கீம் மருந்து ஒண்ணு சாப்புடுவாரு. தம்பிதான் வாங்கியாந்து குடுக்கும்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “என்ன மருந்துங்க அது? உள்ள என்ன இருக்குது?”

இப்போது நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதுகிறேன்.

“மூலிகைங்க. என்ன சேர்மானம்னு தெரியாது.”

ஏன் சொன்னேன்? பயமா? சிறைக்குப் போவோம் என்றா? அதெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணங்கள். அந்த வினாடியில் என் மண்டைக்குள் ஓடியது ஒன்றுதான்... அண்ணிக்கு முன்னால், நான் மனநல மாத்திரை சாப்பிடுகிறவன் என்று தெரிந்துவிடுமே! சே! ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார், நான் என் மானத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

டாக்டர் உள்ளே போய்விட்டார். நான் வராந்தாவுக்கு வந்தேன். பக்கத்தில்தான் கதவு. நாலு எட்டில் போய்ச் சொல்லிவிடலாம். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். எது என்ன மருந்து என்று தெரியாமல் கண்டவன் கொடுத்ததை வாங்கித் தின்றால் இப்படித்தான் என்று யாரோ என் காதுபட ஹக்கீம்களைத் திட்டினார்கள். அத்தாவையே திட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆயுசு முழுக்க ஒருவருக்கும் கெடுதல் செய்யாத மனுஷன். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அப்போது அண்ணியின் தம்பி என்னிடம் வந்தார். தோளைத் தொட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பாய்... எதுக்கும் மாமாவோட நல்ல போட்டோ ஒண்ணு பாத்து வெச்சிக்குங்க.”

அவர் மேல் தப்பே இல்லை. ஊரில் எல்லாரும் என்னிடம் அப்படித்தான் சொல்வார்கள். அதுதானே என் தொழில்!

எனக்குக் கண்முன்னால் போஸ்டர் தெரிந்தது. பார்டர் தெரிந்தது. ‘ஆறாத் துயரில்’ தெரிந்தது. அதன் கீழே ‘இவண்: கண்ணீருடன்’ என்று நான் என் பெயரையும் போடுவேன் என்று தெரிந்தது. போட்டிருப்பேன்! சத்தியமாகப் போட்டிருப்பேன்!

அண்ணியைச் சொந்தக்காரர்களோடு வெளியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். டாக்டரின் கையைப் பிடித்தேன். அது என் மாத்திரை, அமிட்ரிப்டிலின், முந்தின இரவு ஒன்று, காலையில் இரண்டு என்று அண்ணி வராந்தாவில் பேச்சுவாக்கில் சொன்னார் என்று கொட்டினேன். எத்தனை மில்லிகிராம் என்றார். வீட்டுக்குப் போன் போட்டு மனைவியை அட்டையைப் பார்த்துப் படிக்கச் சொன்னேன். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. படித்தாள்.

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட அவருக்கு நேரமில்லை. நர்ஸிடம் ஏதோ சொன்னார், ஊசி மருந்து மாறியது, யாருக்கோ போன் செய்து யோசனை கேட்டார். சாயங்காலம்தான் வெளியே வந்தார். துடிப்பு நிதானத்துக்கு வந்துவிட்டது, இன்னும் கவனிக்க வேண்டும், ஆனால் பயமில்லை என்றார். பிறகு என்னிடம் மட்டும், “மொதல்லயே சொல்லி இருக்கலாம். சரி, சொன்னீங்களே. அவருக்கு நெனப்பு தெளிஞ்சதும் நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்க” என்றார். சொல்கிறேன் என்றேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

என் மனநல டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். “நீங்க நல்லது நெனச்சுதான் குடுத்தீங்க. மாத்திரைக்கு உங்க நெனப்பு தெரியாதே பாய்” என்றார். மிச்ச அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார். ஏழுமலை அண்ணனும் இப்போது அவரிடம்தான் வருகிறார். ஆஸ்பத்திரியிலேயே அனுப்பிவைத்தார்கள். இதயத்துக்குப் பொருந்துகிற வேறு வகை மருந்து கொடுத்திருக்கிறார். மகளின் கல்யாணமும் முடிந்தது, பத்திரிகை நான்தான் அடித்தேன். அண்ணன் தூங்குகிறார், சிரிக்கிறார், காயில் கட்டுகிறார். இதற்கெல்லாம் நான் எத்தனை முறை நெற்றியைத் தரையில் வைத்தாலும் போதாது. நன்றி கெட்டவன் என்று மட்டும் என்னைச் சொல்லிவிடாதீர்கள். மற்றதெல்லாம் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாளில் அண்ணன் என் கடைக்கு வந்தார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரே முந்திக்கொண்டார்.

“தப்பு என்னுதுதான் பாய். ஒண்ணுதான்னு நீங்க சொன்னீங்க. கைமருந்துதானேன்னு நான்தான் ஜாஸ்தி போட்டுட்டேன். டாக்டரு என்ன சாப்ட்டேன்னு கேட்டாரு. நான் ஒண்ணுமே சாப்புடலன்னு சொல்லிட்டேன். ஹக்கீம் அய்யா பேரு கெட்டுடக் கூடாது இல்ல?”

புரிகிறதா உங்களுக்கு? அரை மயக்கத்தில், சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவில் கிடந்துகொண்டு, என் அத்தாவின் பெயரைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறார்! அண்ணி வாய் திறக்காமல் இருந்திருந்தால், நான் வராந்தாவிலேயே நின்றிருந்தால்... அந்தப் பொய்யோடு போயிருப்பார்.

கையைக் கூப்பினார். “மனசுல வெச்சிக்காதீங்க பாய்” என்றார்.

அடுக்கி வைத்த வார்த்தைகள் அத்தனையும் தொண்டை வரை வந்தன. என் வாயிலிருந்து வந்தது இது:

“பரவாயில்லண்ணா. உடம்பப் பாத்துக்குங்க.”

மன்னித்துவிட்டேன். கேட்டுக்கொள்ளுங்கள்... நான் அவரை மன்னித்துவிட்டேன்!

அவர் நிம்மதியாக எழுந்து போனார். டாக்டர் அம்மாளிடம் அவர் வருகிற கிழமை தெரிந்ததும் என் கிழமையை மாற்றிக்கொண்டேன். இன்றுவரை அவருக்குத் தெரியாது. இதை அச்சடிப்பவனும் நான்தான், ஆனால் பக்கத்துக் கடைக்கு ஒரு பிரதி கொடுக்கும் துணிச்சல் வரவில்லை.

இப்போது அண்ணன் பாதிச் சுற்று மட்டும் போகிறார், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு. பௌர்ணமிதோறும் என் கடை வாசலில் நின்று, “போய்ட்டு வரேன் பாய்” என்கிறார். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து வாசல் வரை வருகிறேன்.

“எங்க உக்காந்தாலும் மெதுவா எழுந்திரிங்கண்ணா” என்கிறேன்.

“நீங்க சொன்னா சரி பாய்” என்று சிரித்துவிட்டுப் போகிறார்.